சிறார் பாடல் எழுதுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்குப் பாட்டு எழுதத் தொடங்கியவர்கள், எழுதியதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நிற்பவர்கள், பள்ளிக்கோ ஆசிரியர் முகாமுக்கோ அழைப்பு வந்தவர்கள் என்று மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முதல் பாதி பாட்டைப் பற்றியது. புத்தகம், பள்ளி, உரிமை எல்லாம் பின்னால் வரும்.

யாப்பிலக்கணம் முழுசாப் படிச்சாத்தான் குழந்தைப் பாட்டு எழுத முடியுமா?

வெண்பா எழுதும் அளவுக்கு வேண்டாம். எதுகை, மோனை, இயைபு மூன்றும் கைக்கு வர வேண்டும். அடிகளின் முதல் சீரில் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருந்தால் எதுகை. பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு: முதல் எழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டு’க்குக் ‘கட்டு’ எதுகை. ‘பாட்டு’ எதுகை ஆகாது. சொற்களின் முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை. அதில் உயிர்களுக்குள் இனம் உண்டு. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். அடி முடிவில் ஒரே ஓசை வந்தால் இயைபு. குழந்தை முதலில் பிடித்துக்கொள்வது இயைபைத்தான். ஆனால் இயைபை மட்டும் நம்பி எழுதினால் எல்லா அடியும் ‘-தே, -தே’ என்று முடிந்து சலித்துப்போகும்.

இந்தப் பக்கத்துக்காகவே எழுதிய நான்கு வரியைப் பாருங்கள். பின்னால் வரும் பதில்களிலும் இதையே எடுத்துக்கொள்வோம்.

குட்டி வாளி கொண்டுவா
கொட்டும் மழையைப் பிடிக்கலாம்
தொட்டி நிறைய நிறையவே
தட்டித் தாளம் போடலாம்

நான்கு அடியிலும் ‘ட்’ எதுகை. கு, கொ, தொ, த எல்லாம் குறில். முதல் அடியில் கு–கொ மோனை, கடைசி அடியில் த–தா மோனை. இரண்டாவதும் நான்காவதும் ‘-லாம்’ என்று முடிகின்றன. இதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

பாடிப் பாத்தா நல்லா இருக்கு, வேற யாராவது படிச்சா இடிக்குது. ஏன்?

எழுதியவர் மனதில் மெட்டு ஓடிக்கொண்டிருப்பதால். மெட்டு குறிலை இழுக்கும், நெடிலை விழுங்கும், கூடுதல் எழுத்தை அள்ளி மூடிவிடும். அச்சில் மெட்டு கிடையாது. அதனால் மெட்டை விட்டுவிட்டுக் கையைத் தட்டிப் பாருங்கள். குட்டி | வாளி | கொண்டு | வா. கொட்டும் | மழையைப் | பிடிக்க | லாம். அடிக்கு நான்கு தட்டு. மூன்றாம் அடியை ‘தொட்டி நிறைந்துவிட்ட பின்னாலே’ என்று எழுதியிருந்தால் தொட்டி | நிறைந்து | விட்ட | பின்னா | லே என்று ஐந்து தட்டு வந்திருக்கும். பொருள் சரி, இலக்கணம் சரி, எதுகையும் சரி. ஆனாலும் முப்பது பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்போது அந்த இடத்தில் பாதிப் பேர் முந்துவார்கள், பாதிப் பேர் பிந்துவார்கள்.

அடுத்த சோதனை: பாட்டை இதுவரை பார்க்காத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, எதுவும் சொல்லாமல், சத்தமாக வாசிக்கச் சொல்லி கைப்பேசியில் பதியுங்கள். அவர் தடுக்கிய இடத்தில் கோடு போடுங்கள். ‘அப்படிப் படிக்கக் கூடாது, இப்படி’ என்று விளக்கத் தோன்றினால் அந்த அடி இன்னும் முடியவில்லை. புத்தகத்தோடு நீங்கள் கூடவே போகப்போவதில்லை. சினிமா மெட்டில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு அவசியம். அந்த மெட்டின் உரிமை வேறொருவருடையது என்பதால், ஒலிப்பதிவாக வெளியிடப்போனாலும் சிக்கல்.

எந்த வயசுக்கு எத்தனை வரி எழுதணும்?

மூன்று முதல் ஐந்து வயதுக்கு நான்கிலிருந்து எட்டு வரி. அதில் ஒரு வரியாவது திரும்ப வர வேண்டும். ஆறு முதல் எட்டு வயதுக்குப் பன்னிரண்டு வரி வரை தாங்கும். ஒன்பதுக்கு மேல் கதைப்பாட்டு இருபது, இருபத்தைந்து வரி போகலாம், கதை நகர்ந்துகொண்டே இருந்தால். அடிக்கு மூன்று அல்லது நான்கு சொல்.

வரிக்கணக்கைவிட முக்கியமான பிரிவு, கேட்கும் பாட்டா வாசிக்கும் பாட்டா என்பது. ஐந்து வயதுக் குழந்தை ‘வானவேடிக்கை’ என்ற சொல்லைக் கேட்டுச் சொல்லிவிடும், வாசிக்காது. வாசிப்புக்காக எழுதுவதாக இருந்தால் எந்த நிலை என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறார்கள். அதன் பின் வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் இருக்கின்றன. ‘நுழை’ புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்து, ஒரு பக்கத்தில் எத்தனை சொல், மெய்யெழுத்து எவ்வளவு அடர்த்தி என்று எண்ணிப் பார்ப்பது எந்த அறிவுரையையும்விடப் பயன் தரும்.

பேச்சுத் தமிழ்ல எழுதலாமா, எழுத்துத் தமிழ்லதான் எழுதணுமா?

பாடுவதற்கு மட்டும் என்றால் பேச்சுத் தமிழ் தாராளமாக. வாசிக்கப் பழகும் குழந்தைக்கு என்றால் யோசிக்க வேண்டும். பேச்சு வழக்குக்கு ஒரே எழுத்துமுறை கிடையாது; வெச்சுக்கிட்டு, வச்சுகிட்டு, வச்சிக்கிட்டு மூன்றும் புழக்கத்தில் உண்டு. எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மூன்று வடிவமும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? தவிர, கோவைப் பேச்சு நெல்லைக் குழந்தைக்கு இன்னொரு தடை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. இரு வழக்குகளும் பெரிதாக விலகுவது வினைமுற்றில்: வந்தது–வந்துச்சு, போகிறது–போவுது. ஏவலும் (வா, பார், ஓடு) ‘-லாம்’ முடிவும் ஏறக்குறைய இரண்டிலும் ஒன்றே. மேலே உள்ள மழைப் பாட்டில் கொண்டுவா, பிடிக்கலாம், போடலாம் என்றே வினைகள் வருவதைக் கவனியுங்கள். பேச்சாகவும் சொல்லலாம், எழுத்தாகவும் வாசிக்கலாம். இறந்தகாலத்தில் கதை சொல்ல வேண்டிய பாட்டுக்கு இந்த உத்தி உதவாது. அங்கே எழுத்துத் தமிழை எடுத்துக்கொண்டு, உரையாடலை மட்டும் பேச்சில் விடலாம்.

கடைசியில நீதி இல்லேன்னா ஸ்கூல்ல ஒத்துக்க மாட்டாங்களாமே?

ஒத்துக்கொள்வார்கள். கடைசி இரண்டு வரியில் ‘ஆகவே தம்பி’ என்று தொடங்கும் பாட்டுகள் ஆசிரியர்களுக்கே அலுத்துவிட்டன. எழுதி முடித்த பாட்டின் கடைசி இரண்டு வரியை விரலால் மறைத்து வாசித்துப் பாருங்கள்; பெரும்பாலும் பாட்டு அங்கேயே முடிந்திருக்கும்.

அறிவியல் விஷயத்தைப் பாட்டுல வைக்கலாமா? குழந்தைப் பாட்டுதானே, கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம்ல?

வைக்கலாம். அப்படி இப்படி இருக்கக் கூடாது. யானை பேசலாம், நிலா இறங்கி வரலாம். அது கற்பனை என்று குழந்தைக்குத் தெரியும். ஆனால் ‘எட்டுக்கால் பூச்சி’ என்று சிலந்தியைப் பூச்சியாகவே விவரித்தால் அது தகவலாகப் பதிந்துவிடும். சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிகளுக்கு ஆறு. சிலந்தி பூச்சி இனம் இல்லை. திமிங்கலம் மீன் இல்லை, வௌவால் பறவை இல்லை. ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. தோகை விரித்து ஆடுவது ஆண் மயில். ‘கூ, கூ’ என்று உரத்துக் கூவும் கறுப்புக் குயில் ஆண். பெண் குயில் பழுப்பில் புள்ளி போட்டது. ‘கருங்குயில் அக்கா’ என்று எழுதிய பாட்டுகளுக்குக் கணக்கில்லை.

தகவல் எதுகைக்கு ஒத்துவராவிட்டால் எதுகையை மாற்றுங்கள்.

எழுதின பாட்டை எங்க அனுப்பறது? எப்படி அனுப்பறது?

நாளிதழ் இணைப்புகளில் சிறுவர் மலர், சிறுவர் மணி போன்றவை. அறிவியல் சார்ந்த பாட்டுக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர். பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு. இதழ் ஒவ்வொன்றும் எந்த வயதுக்கு என்று கடைசி நான்கு இதழ்களைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஒரு மின்னஞ்சலில் இரண்டு அல்லது மூன்று பாட்டு போதும். யூனிகோடில் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பாகவும் மின்னஞ்சல் உடலிலும் இரண்டிலும் வையுங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டியது எதிர்முனையில் கிறுக்கலாகத் திறக்கும். கையெழுத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால் யாரோ ஒருவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அந்த யாரோ பெரும்பாலும் செய்வதில்லை. பெயர், முகவரி, கைப்பேசி எண், எந்த வயதுக்கான பாட்டு, வேறெங்கும் வெளிவராதது என்ற ஒரு வரி. பாட்டுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டாம். ஒரே பாட்டை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பி, இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். முகநூலில் போட்டதும் வெளிவந்த கணக்குத்தான் என்று சில ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். எனவே அனுப்பிய பாட்டைப் பதில் வரும்வரை போடாதீர்கள்.

புத்தகமாப் போட எத்தனை பாட்டு வேணும்?

பக்கக் கணக்கிலிருந்து வாருங்கள். நடுவில் பின்னடித்த புத்தகத்தின் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். அச்சகத்துக்கு எட்டு, பதினாறின் மடங்குதான் சிக்கனம். அதனால் 16, 24, 32, 48. முப்பத்திரண்டு பக்கத்தில் தலைப்பு, உரிமைப் பக்கம், பொருளடக்கம் என்று நான்கு போனால் மிச்சம் 28. பக்கத்துக்கு ஒரு பாட்டு என்றால் 28 பாட்டு. எதிரெதிர் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாக விரிந்தால் 14. முதல் புத்தகத்துக்கு 14 நல்ல பாட்டு, 28 சுமாரான பாட்டைவிட மேல். பதினான்கைத் தேர்ந்தெடுக்க நாற்பதாவது கையில் இருக்க வேண்டும்.

வடிவமைப்பில் மூன்று இடத்தில் கண் வையுங்கள். முதலாவது, அடி உடையும் இடம். படம் இடிக்கிறது என்று வடிவமைப்பாளர் ஒரு வரியை இரண்டாக மடித்தால் தட்டுக் கணக்கு போய்விடும். இரண்டாவது, எழுத்தின் அளவு; தொடக்க வாசிப்புக்கு 18 புள்ளிக்குக் குறையாமல், 24 வரை. மூன்றாவது, எழுத்து மாற்றம். யூனிகோடு கோப்பைப் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொட்டும்போது கொ, தொ, கை போன்றவற்றின் கொம்பு இடம் மாறி விழும், சில மெய்களின் புள்ளி காணாமல் போகும். முழுப் புத்தகத்திலும் கண்ணுக்குத் தப்பிய ஒரு புள்ளி, வாசிக்கப் பழகும் பிள்ளைக்குத் தவறான பாடம். கடைசி மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் திருத்தத் தரும் படியை, திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, உரக்க வாசித்துத் திருத்துங்கள்.

ஓவியருக்கு இரண்டு முதல் நான்கு மாதம் கொடுங்கள். பாட்டில் சொன்னதையே படம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. வாளியைக் கொண்டுவரச் சொல்வது யார் என்று பாட்டில் இல்லை. அதை ஓவியர் முடிவு செய்யட்டும்.

பதிப்பாளர் என்கிட்டயே பணம் கேக்கறார். இது சரியா?

நீங்கள் பணம் கொடுத்தால் அது உங்கள் வெளியீடு. அவர் அச்சுப் பணியும் விநியோகமும் செய்து தருகிறார். அதில் தவறில்லை, வெளிப்படையாகச் சொன்னால். எத்தனை படி அச்சாகிறது, எத்தனை உங்கள் கைக்கு வரும், விற்ற பணம் யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்கு என்று தனியாகத் தொகை போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். இந்தியாவில் அந்த எண்ணை ஒன்றிய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது.

பதிப்பாளர் தன் செலவில் போடுகிறார் என்றால் உங்களுக்கு உரிமைத்தொகை வர வேண்டும். விற்பனை விலையில் பத்து சதவீதம் என்பது பரவலான அளவு. படப் புத்தகம் என்றால் அதை ஓவியரோடு பகிர வேண்டியிருக்கும், அல்லது ஓவியருக்கு ஒரே தொகையாகப் பதிப்பகம் கொடுத்துவிடும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எனவே ‘எல்லா உரிமையும், எக்காலத்துக்கும், எவ்வடிவத்திலும்’ என்ற வரி வந்தால் அச்சு உரிமை, ஒலி உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். குழந்தைப் பாட்டுக்குப் பிற்காலத்தில் பணம் வரும் வழி பெரும்பாலும் ஒலியும் காணொளியும்தான்.

நீங்களே பதிப்பாளர் என்றால் இன்னொரு கடமை உண்டு. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் ஆளுக்கு ஒரு படி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும்.

பாட்டைப் பதிவு பண்ணலேன்னா உரிமை போயிடுமா?

போகாது. எழுதிய நிமிடத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு விருப்பம்தான். அது உங்கள் ஆயுட்காலமும் அதன் பின் 60 ஆண்டும் நிற்கும். நடைமுறையில் தேவைப்படுவது தேதியுள்ள சான்று: அனுப்பிய மின்னஞ்சல், அச்சான இதழின் பக்கம், கோப்பின் பழைய வடிவம். இவற்றைக் கணினியில் ஒரே அடைவில் (ஃபோல்டரில்) போட்டு வையுங்கள்.

பழைய பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு போடலாமா? எல்லாரும் பாடறதுதானே?

எல்லோரும் பாடுவதாலேயே பொதுச்சொத்து ஆகிவிடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கேள்வி: எழுதியவர் இறந்து 60 ஆண்டு முடிந்ததா? இல்லையென்றால் நாட்டுடைமை ஆக்கப்பட்டதா? கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1954இல் காலமானார். உரிமைக்காலம் 2014 இறுதியோடு முடிந்துவிட்டது. பாரதியின் படைப்புகளை 1949இலேயே அரசு வாங்கிப் பொதுவாக்கியது. இப்படி ஒவ்வொருவருக்கும் பாருங்கள். இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் வாரிசுகளிடம் எழுத்தில் அனுமதி.

தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு போன்ற வாய்மொழிப் பாடல்களுக்கு ஆசிரியர் இல்லை. ஆனால் ஒருவர் திரட்டி, செப்பம் செய்து, குறிப்பு எழுதிய தொகுப்பை அப்படியே எடுத்து அச்சிடக் கூடாது. நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்; எந்த வட்டாரத்தில் கேட்டது என்று ஒரு வரி போடுங்கள்.

ஸ்கூலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. என்ன தயார் பண்ணிக்கணும்?

போவதற்கு முன் ஐந்து விஷயம் கேளுங்கள்: எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், வகுப்பறையா மைதானமா, ஒலிவாங்கி உண்டா, எத்தனை மணிக்கு. மதிய உணவுக்கு அடுத்த பிரிவேளையும் கடைசி மணிக்கு முந்தைய பிரிவேளையும் வேண்டாம் என்று சொல்லலாம். ஒன்றிரண்டு அரசுப் பள்ளிகள் என்றால் தலைமையாசிரியர் அழைப்பு போதும். ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்றுவதாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும்.

நாற்பது நிமிட வகுப்புக்கு இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்து நிமிடம் நீங்கள் ஒரு வரி, பிள்ளைகள் ஒரு வரி என்று எதிரொலிப் பாட்டு. அடுத்த பத்து நிமிடம் ஒரே ஒரு பாட்டைக் கைதட்டோடு முழுதாகப் பழக்குவது. பதினைந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து புதுப்பாட்டு எழுதுவது. அதைப் பாட ஐந்து, கேள்விகளுக்கு ஐந்து. சேர்ந்து எழுதுவது நாற்பது பேருக்கு மேல் நடக்காது. காலை வணக்கக் கூட்டத்தில் முந்நூறு பேர் முன்னால் நிறுத்தினால் எதிரொலிப் பாட்டோடு நிறுத்திக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

சேர்ந்து எழுதும்போது தலைப்பை நீங்கள் கொடுங்கள், சொற்களைப் பிள்ளைகள் கொடுக்கட்டும். பத்துச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ஒத்த ஓசையுள்ளவற்றைக் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். பானை என்றதும் யானை வரும், பூனை வரும். பிறகு வகுப்பு நிற்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு பிள்ளையின் பெயரை வைத்து எதுகை போடாதீர்கள், யார் கேட்டாலும். நீங்கள் கிளம்பிப் போய்விடுவீர்கள். அந்தப் பட்டப்பெயர் ஐந்தாறு வருஷம் அந்தப் பிள்ளையோடு இருக்கும்.

வகுப்பாசிரியர் அறையிலேயே இருக்க வேண்டும். ‘நீங்க பாத்துக்குங்க’ என்று அவர் வெளியேறினால் கூடவே இருக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பள்ளியின் அனுமதி இல்லாமல் எங்கும் போடாதீர்கள்.

காசு கேக்கலாமா? சங்கடமா இருக்கே.

கேளுங்கள், அழைப்பு வந்த அன்றே. போன பின் கேட்பதுதான் சங்கடம். தனியார் பள்ளிகளுக்கு இதற்கு ஒதுக்கீடு இருக்கும். அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் இருக்காது, அங்கே போக்குவரத்து மட்டும் கேட்பதா, இலவசமாகப் போவதா என்பது உங்கள் முடிவு. வருஷத்துக்கு எத்தனை இலவசம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் விற்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றாலும் வகுப்புக்குள் வைத்து விற்க வேண்டாம், வாங்க முடியாத பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி நூலகத்துக்கு ஒரு கட்டு வாங்கச் சொல்வது நல்ல ஏற்பாடு.

எழுத்தறிவு மாநாட்டுல ஒரு அமர்வு எடுக்கச் சொல்றாங்க. கவிஞர் அங்க என்ன பேசறது?

தன் பாடல்களை வரிசையாக வாசிப்பதற்கான இடம் அது இல்லை. வந்திருப்பவர்கள் ஆசிரியர்கள், திங்கட்கிழமை காலை வகுப்பில் செய்ய ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பார்கள். அமைப்பாளர்கள் கேட்கும் சுருக்கத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்கட்டும்: எந்த வகுப்பு ஆசிரியர்களுக்கு, என்ன செய்யக் கற்றுப்போவார்கள், என்ன பொருள் தேவை. ‘கவிதையும் குழந்தை மனமும்’ மாதிரித் தலைப்புக்கு அறை நிறையாது.

ஒரே ஒரு பாட்டை எடுத்து மூன்று விதமாகப் பயன்படுத்திக் காட்டுங்கள். மழைப் பாட்டையே எடுத்துக்கொண்டால், முதலில் தட்டிச் சொல்லுதல். அடுத்து ஒவ்வொரு அடியிலும் கடைசிச் சொல்லை மறைத்து, ஊகித்துச் சொல்லவைத்தல். மூன்றாவது, தட்டி–தொட்டி, குட்டி–கொட்டி என்று ஜோடி போட்டு ஓர் உயிர்க்குறி மாறினால் சொல் மாறுவதைக் காட்டுதல். தமிழில் ஒகரக் குறியின் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. தொடக்க வகுப்பில் தடுமாற்றம் அங்கேதான் அதிகம். ஒரே தாளில், ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் மூன்று செயல்பாடு என்று அச்சிட்டு, எதிர்பார்க்கும் தலைக்கணக்கைவிடப் பத்து அதிகமாக எடுத்துப்போங்கள். திரையில் படம் காட்டும் கருவி (புரொஜெக்டர்) வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

பாட்டு சொல்லிக்கொடுத்தாப் பிள்ளைங்க வாசிக்கக் கத்துக்குவாங்கன்னு மேடையில சொல்லலாமா?

அப்படியே சொல்லக் கூடாது. பாட்டு ஓசையைப் பழக்கும், சொல்லைப் பரிச்சயப்படுத்தும், பக்கத்தைத் திறக்கும் ஆசையைக் கொடுக்கும். எழுத்தை ஓசையோடு இணைப்பதைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். மனப்பாடமாகப் பாடும் பிள்ளை வரியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்து ‘வாசிக்கிறான்’ என்று ஏமாந்துபோவது எளிது. பாட்டின் சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, ‘தொட்டி எது?’ என்று கேளுங்கள். எடுத்துக் கொடுத்தால் வாசிப்பு. மனசுக்குள் முதலிலிருந்து பாடிப் பார்த்துத் தேடினால் இன்னும் வரவில்லை. கூட்டத்தில் இதையும் செய்து காட்டினால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

பரிசுக்கெல்லாம் நாமளே அனுப்பணுமா?

பரிசைப் பொறுத்தது. தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல்களுக்கான பரிசில் குழந்தை இலக்கியம் ஒரு வகை. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். சாகித்திய அகாதெமி 2010 முதல் 24 மொழிகளில் பால சாகித்திய புரஸ்கார் தருகிறது. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். எந்தப் பரிசானாலும் முதல் பதிப்பின் ஆண்டு முக்கியம். உரிமைப் பக்கத்தில் ஆண்டும் மாதமும் அச்சாகாத புத்தகம் அங்கேயே கழிந்துவிடும்.

என் பாட்டை யாரோ அனிமேஷன் பண்ணி யூடியூப்ல போட்டிருக்காங்க. என்ன பண்ணலாம்?

முதலில் நீங்கள் என்ன கையெழுத்துப் போட்டீர்கள் என்று பாருங்கள். ஒலி, காணொளி உரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்தால் புகார் கொடுக்க வேண்டியது அவர்கள். ஸ்டோரிவீவர் போன்ற திறந்த தளத்தில், பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டிருந்தால் அவர்கள் காணொளி எடுத்ததில் தவறே இல்லை, விற்றாலும்கூட. உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்பது மட்டுமே கேள்வி.

இரண்டும் இல்லையென்றால் காணொளியின் முகவரி, திரைப்பிடிப்பு, பார்த்த தேதி ஆகியவற்றை முதலில் சேமியுங்கள். பிறகு அந்த அலைவரிசைக்கு எழுதுங்கள். பலருக்கு அது ஒருவர் எழுதிய பாட்டு என்றே தெரிந்திருக்காது. பெயர் போடுவதும் ஒரு தொகை தருவதும் அங்கேயே முடிந்துவிடலாம். பதில் இல்லையென்றால் யூடியூப்பின் பதிப்புரிமைப் புகார்ப் படிவம். அதில் நீங்கள் தரும் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் உங்கள் கணக்குக்கும் ஆபத்து. முன்னே சொன்ன தேதிச் சான்று அடைவு இப்போது கைகொடுக்கும்.

பிள்ளைங்க என் பாட்டு வரியை மாத்திப் பாடறாங்க. திருத்தணுமா?

அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். ஒரு பிள்ளை மாற்றினால் விளையாட்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பள்ளியில் அதே சொல்லை அதே மாதிரி மாற்றினால் கோளாறு உங்கள் அடியில். பெரும்பாலும் தட்டு ஒன்று கூடியிருக்கும், அல்லது ல, ள, ழ நெருக்கமாக வந்து நாக்கு சிக்கியிருக்கும். அவர்கள் போட்ட சொல் உங்கள் சொல்லைவிட நன்றாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றுவது என்று முடிவானால் உங்கள் கோப்பில் மட்டும் மாற்றி வைத்தால் அடுத்த அச்சிலும் பழைய வரியே வரும். மறு அச்சுக்குப் பதிப்பகம் பழைய கோப்பைத்தான் எடுப்பார்கள். பக்க எண், பழைய வரி, புதிய வரி மூன்றையும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, பதில் வாங்கி, மறு அச்சின் மெய்ப்பில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள்.